600 நியூட்டன் மீட்டர் வீராப்பு

சென்ற இதழில் வந்த கிளட்ச் கட்டுரையைப் படித்து முடித்தபோது எழுதியவர்மேல் கோபம் வரவில்லை. அவருடைய காரின்மேல் பரிதாபம்தான் வந்தது. அதைவிடப் பெரிய பரிதாபம், அந்தக் கட்டுரையைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மெக்கானிக்கைப் பார்க்கப் புறப்பட்டிருக்கும் வாசகர்கள்மேல். அவர்களில் ஓரிருவராவது கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்பு இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே இந்த எதிர்வினை.

வாதத்தைத் திரித்துவிட்டேன் என்ற பேச்சு வரக்கூடாது. அவர் சொன்னது இவ்வளவுதான். 250 நியூட்டன் மீட்டர் டார்க் தரும் 1.5 லிட்டர் டீசல் ஹேட்ச்பேக் வைத்திருக்கிறார். என்ஜினின் மென்பொருளை மாற்றி, அதாவது ரீமேப் செய்து, அதை 320-க்கு ஏற்றினார். கம்பெனி கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. பெட்டியில் 600 நியூட்டன் மீட்டர் என்று அச்சடித்த கிளட்ச் செட் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்: நடுவில் ஸ்பிரிங் இல்லாத தட்டு, அதில் நான்கு செராமிக் பட்டன், கனத்த பிரஷர் பிளேட், கூடவே இலேசான ஒற்றை ஃப்ளைவீல். இப்போது வழுக்கவில்லை. ஆகவே ரீமேப் செய்த எல்லாரும் இதையே போட வேண்டும். பெடலின் கனமும் கிளம்பும்போது வரும் உலுக்கலும் ஆம்பளைக் காரின் லட்சணம். அது பிடிக்காதவர்களுக்கு ரீமேப் எதற்கு?

அவர் சொன்னதில் ஒன்று சரி. ரீமேப் செய்த டர்போ டீசலில் கிளட்ச் வழுக்குவது உண்மைதான். முதல் கியரில் அது தெரியாது. முதல் கியரில் என்ஜின் விறுவிறுவென்று மேலேறும்போது அதன் டார்க்கில் ஒரு பங்கு கிராங்க்கையும் ஃப்ளைவீலையும் சுழற்றவே செலவாகிவிடுகிறது. தட்டுக்கு வருவது மீதிதான். டர்போ முழு அழுத்தத்துக்கு வருவதற்குள் அடுத்த கியரையும் போட்டுவிடுவோம். நான்காம், ஐந்தாம் கியரில் 2,000 ஆர்பிஎம்மை ஒட்டி ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போதுதான் மொத்தச் சுமையும் தட்டின்மேல் வந்து உட்காரும். ஆர்பிஎம் முள் ஏறும், வேக முள் அசையாது, சற்று நேரத்தில் கருகல் வாடை. இதை அவர் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார். பாராட்டு இத்துடன் முடிந்தது.

ஏனென்றால் அடுத்து கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்கவே இல்லை. வழுக்கிய தட்டுக்கு என்ன வயது? 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோது மாருதியும் ஃபோக்ஸ்வாகனும் இந்தியாவில் டீசல் கார் விற்பதையே நிறுத்திக்கொண்டன. இன்று ரீமேப்புக்கு வரும் சின்ன டீசல் கார்களில் பெரும்பாலானவை அதற்கு முந்தியவை. உள்ளே இருப்பது பல வருட டிராஃபிக்கில் தேய்ந்த தட்டு. பிரஷர் பிளேட்டை அழுத்தும் டயாஃப்ரம் ஸ்பிரிங்குக்கு ஒரு விசித்திரக் குணமும் உண்டு. தட்டு தேயத் தேய அதன் அழுத்தம் முதலில் கூடும், பெடலும் கனக்கும். ஓர் உச்சத்தைத் தாண்டிய பிறகு இறங்க ஆரம்பிக்கும். அந்த இறக்கத்துக்கு வந்துவிட்ட கிளட்ச், ரீமேப் செய்யாவிட்டாலும் கொஞ்ச காலத்தில் வழுக்கியிருக்கும். ரீமேப் அதை முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது, அவ்வளவே. புதுக் கம்பெனி தட்டு அந்த 320-ஐத் தாங்கியிருக்கலாம், தாங்காமலும் போயிருக்கலாம். போட்டுப் பார்க்காமல், குறைந்தபட்சம் கழற்றிய பழைய தட்டின் தடிமனை அளந்துகூடப் பார்க்காமல், ஓசூரில் கிளட்ச் செய்யும் லூக் ஆலைப் பொறியாளர்கள் முதல் ஊரில் உள்ள எல்லாருமே காசு மிச்சம் பிடிக்க மட்டமான சரக்கைத் தள்ளுகிறார்கள் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

கணக்குக்கு வருவோம். நான்கு எண்களைப் பெருக்கத் தெரிந்தால் போதும். கிளட்ச் தாங்கும் டார்க் என்பது லைனிங்கின் உராய்வுக் கெழுவையும், பிரஷர் பிளேட் அழுத்தும் விசையையும், உராயும் முகங்களின் எண்ணிக்கையையும், சராசரி ஆரத்தையும் பெருக்கினால் வருவது. எடுத்துக்காட்டாக, 228 மி.மீ. விட்டமுள்ள ஒற்றைத் தட்டு. முகம் இரண்டு. சராசரி ஆரம் ஏறக்குறைய 0.095 மீட்டர். ஆர்கானிக் லைனிங்குக்கு உராய்வுக் கெழு 0.3, பிரஷர் பிளேட்டின் விசை 5,500 நியூட்டன் என்று வைத்தால் விடை சுமார் 313 நியூட்டன் மீட்டர். 250 தரும் என்ஜினுக்கு நாலில் ஒரு பங்கு உபரி. இனி லைனிங்கைத் தொடாமல் பிரஷர் பிளேட்டை மட்டும் 7,000 நியூட்டன் உள்ளதாக மாற்றுங்கள். விடை 399. அதே ஆர்கானிக் லைனிங், நடுவில் ஸ்பிரிங் வைத்த அதே தட்டு, பெடல் மட்டும் கொஞ்சம் கனக்கும். 320-க்கு மறுபடியும் நாலில் ஒரு பங்கு உபரி கிடைத்துவிட்டது. வேலை முடிந்தது.

நம் கட்டுரையாளர் வாங்கியது 600. அதில் 280 அவருடைய காரில் என்றைக்கும் பயன்படப் போவதில்லை. காலணி வாங்கப் போனவர் அளவையும் கேட்காமல், எங்கே நடக்கப் போகிறோம் என்றும் யோசிக்காமல், அடித்தோல் எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். போதாததற்கு அந்தப் பெட்டியில் ஸ்டேஜ் 3 என்று வேறு போட்டிருக்கிறதாம். ஸ்டேஜ் 1, 2, 3 என்பவற்றுக்குப் பொதுவான தரம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்த பெயர். ஒருவருடைய ஸ்டேஜ் 2 வெறும் கனத்த பிரஷர் பிளேட்டாக இருக்கும், இன்னொருவருடைய ஸ்டேஜ் 2 அரைத் தட்டு செராமிக்காக இருக்கும். எண் பெரிதானால் சரக்கு உசத்தி என்று நினைப்பவருக்காகத்தான் அந்த எண்ணையே அச்சடிக்கிறார்கள்.

கட்டுரையின் நடுவில் ஒரு முத்து இருக்கிறது. நான்கு பட்டன்களின் பரப்பு குறைவாம். அதனால் அழுத்தம் ஓரிடத்தில் குவிகிறதாம். அதனால்தான் பிடி கூடுகிறதாம். மேலே பெருக்கிய நான்கு எண்களை இன்னொரு தடவை பாருங்கள். பரப்பு அதில் எங்கே இருக்கிறது? பரப்பு பாதியானால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் அழுத்தம் இரட்டிப்பாகும்; இரண்டையும் பெருக்கினால் பழைய விசையேதான் வரும். இது மேல்நிலைப் பள்ளி இயற்பியல். பட்டன் தட்டு அதிகம் பிடிக்கிறது என்றால், அந்தப் பொருளின் உராய்வுக் கெழு கூடுதல். பட்டன்களை விளிம்போரம் வைப்பதால் ஆரமும் சற்றுக் கூடுகிறது. பரப்பைக் குறைப்பது வேறு காரணத்துக்கு. தட்டு இலேசானால் கியர் மாற்றும்போது சின்க்ரோனைசருக்கு வேலை குறையும். பந்தயக்காரருக்கு அது வேண்டும். ஆனால் பரப்புக் குறைந்தால் ஓரிடத்துச் சூடு நிச்சயம் கூடும். செராமிக் பட்டன் அந்தச் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். அது உராயும் பிரஷர் பிளேட் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. நீலம் பாய்ந்து, மயிரிழை விரிசல் விட்டு, கடைசியில் எடைக்குப் போவது அதுதான்.

இனி, அவர் தொடவே தொடாத இடம். கட்டுரை முழுவதும் கிளட்ச் எப்படிப் பிடிக்கிறது என்பதைப் பற்றியே பேசுகிறது. பிடித்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை என்றால் கிளட்ச் எதற்கு? என்ஜினையும் கியர்பாக்ஸையும் சில போல்ட் போட்டு இணைத்துவிடலாமே. எத்தனை ஆயிரம் நியூட்டன் மீட்டரும் தாங்கும், செலவும் மிச்சம். சுழலும் என்ஜினுக்கும் நிற்கும் சக்கரத்துக்கும் நடுவே, ஓட்டுபவரின் கால் சொல்லும் அளவுக்கு வழுக்கிக்கொடுப்பதற்காகவே அந்தப் பாகம் அங்கே இருக்கிறது. நம் ஊரில் ஹாஃப் கிளட்ச் என்று சொல்கிறோமே, அந்த அரை அங்குலப் பெடல் ஓட்டத்தில்தான் ஒரு கிளட்சின் தரம் முழுவதும் தெரியும். அங்கே எப்படி நடந்துகொள்கிறது என்று சொல்லாத கிளட்ச் விமர்சனம் பாதி விமர்சனம்கூட இல்லை.

கம்பெனி தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு லைனிங்குகளுக்கும் நடுவே அலையலையாக வளைந்த மெல்லிய எஃகுத் தகடுகள் இருக்கும். மார்செல் ஸ்பிரிங் என்பார்கள். பெடலை விடும்போது அந்த அலைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகி, பிடியும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. நடுவில் இருக்கும் சுருள் ஸ்பிரிங்குகள் மிச்சமிருக்கும் உதையை வாங்கிக்கொள்கின்றன. நம் கட்டுரையாளர் வாங்கிய தட்டில் முதலாவதும் இல்லை, இரண்டாவதும் இல்லை. விறைத்த இரும்புத் தகட்டில் ரிவெட் அடித்த பட்டன்கள். பெடல் ஓட்டத்தில் பிடிக்காத இடமும் முழுக்கப் பிடித்துவிட்ட இடமும் மட்டும் இருக்கும், நடுவே ஒன்றுமே இருக்காது. கிளம்பும்போது கார் உலுக்குகிறது என்று அவர் பெருமையாக எழுதியிருக்கிறாரே, அந்த உலுக்கல் பட்டன் பிடித்து, விட்டு, மறுபடி பிடிப்பதால் வருவது. அதை ஏதோ சிங்கத்தின் உறுமல் என்று வாசகருக்கு விற்கிறார்.

இதிலிருந்து இன்னொரு சங்கிலி கிளம்புகிறது. ஹாஃப் கிளட்ச் கிடையாது. ஃப்ளைவீலோ இலேசு, அதில் சேர்ந்திருக்கும் சுழற்சி ஆற்றல் குறைவு. ஆகவே சாதாரணமாகக் கிளம்பினால் என்ஜின் பொட்டென்று அணைந்துவிடும். அணையாமலிருக்க ஆர்பிஎம்மை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். அவரே எழுதியிருக்கிறார், 2,500-ல் வைத்துத்தான் எடுப்பாராம். முதல் கியரில் 1,000 ஆர்பிஎம்முக்கு மணிக்கு 7.5 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொள்வோம். ஆட்களோடு காரின் எடை 1,400 கிலோ. சமதளத்தில் என்ஜினை ஒரே ஆர்பிஎம்மில் பிடித்தபடி கிளம்பினால், கிளட்சில் சூடாக மாறும் ஆற்றல், பிடித்து முடிக்கும் கணத்தில் கார் பெற்றிருக்கும் இயக்க ஆற்றலுக்குச் சமம். எந்தக் கிளட்ச், எத்தனை நியூட்டன் மீட்டர் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. 1,000 ஆர்பிஎம்மில் கிளம்பினால் சுமார் 3 கிலோஜூல். 2,500-ல் கிளம்பினால் சுமார் 19. ஆறு மடங்குக்கு மேல். வழுக்காத கிளட்ச் என்று வாங்கி வந்து, ஒவ்வொரு சிக்னலிலும் ஆறு மடங்கு சூட்டை அதற்குள் கொட்டிக்கொண்டிருக்கிறார். இடையில் பெடலைச் சட்டென்று விட்டுவிடுவேன் என்று அவர் சொல்லக்கூடும். அப்போது சூடு குறையும். மிச்ச அடியை டிரைவ் ஷாஃப்ட்டும் என்ஜின் மவுண்ட்டும் வாங்கும்.

சென்னையின் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் அடித்தள பார்க்கிங்கிலிருந்து இந்தக் காரை ரிவர்ஸில் மேலே ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். சரிவு, பின்னால் தூண், பக்கத்தில் செயலாளரின் புதுக் கார், கையசைத்துக்கொண்டு நிற்கும் வாட்ச்மேன். ரிவர்ஸில் ஊர்ந்துதான் ஏற முடியும். ஊர்வதற்கு வழுக்கிக்கொடுக்கும் தட்டு வேண்டும். 600 நியூட்டன் மீட்டர் அங்கே என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாலும் இதே கதைதான். கட்டுரையாளர் மலைக்குப் போனதாக எழுதவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதிகாலையில் எடுத்த படங்கள்தான் போட்டிருந்தார்.

பந்தயக் கார்களில் இதைத்தானே போடுகிறார்கள் என்பது அடுத்த அஸ்திரம். போடுகிறார்கள். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ, கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ஒரு பந்தயக் கார் நின்ற நிலையிலிருந்து கிளம்புவது எத்தனை தடவை? கொடி இறங்கும்போது ஒரு தடவை. பிட்டிலிருந்து வெளியே வரும்போது உலுக்கினால் ஓட்டுபவர் கவலைப்பட மாட்டார். அவருக்குப் பின்னால் மாநகரப் பேருந்து ஹாரன் அடிக்கவில்லை. கியர்பாக்ஸை இறக்கித் தட்டைப் பார்ப்பது அந்த அணிக்கு வழக்கமான வேலை. உங்களுக்கு அது இரண்டு நாள் லீவு, ஒரு டாக்ஸிச் செலவு, மெக்கானிக்கின் முணுமுணுப்பு.

அமெரிக்க லாரிகளில் செராமிக் கிளட்ச் பல லட்சம் மைல் ஓடுகிறதே என்றும் கேட்டிருந்தார். இது கொஞ்சம் தெரிந்தவர் எழுப்பும் கேள்வி, அதனால் மரியாதையாகவே பதில் சொல்கிறேன். ஓடுகிறது. அந்த லாரிகளில் 10, 13, 18 என்று கியர்கள்; முதல் கியர் அவ்வளவு தாழ்ந்தது. என்ஜின் கிட்டத்தட்ட ஐடிலிலேயே இருக்க, பெடலை விட்டால் வண்டி ஊர்ந்து கிளம்பிவிடும். கிளட்ச் வழுக்கும் நேரம் மிகக் குறைவு. ஓட ஆரம்பித்த பிறகு அனுபவமுள்ள டிரைவர்கள் பெரும்பாலும் கிளட்சை மிதிக்காமலே ஆர்பிஎம் பார்த்து கியர் மாற்றுகிறார்கள். அந்தப் பட்டன் நீண்ட காலம் உழைப்பதற்கு அதைச் சுற்றியிருக்கும் கியர்பாக்ஸ் காரணம். வேளச்சேரியிலிருந்து கிண்டி வரை முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவே அல்லாடும் ஐந்து கியர் ஹேட்ச்பேக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பெடல் கனம் விஷயத்தில் அவர் பேச்சு இயந்திரவியலை விட்டு ஜிம்முக்குப் போய்விடுகிறது. இடது காலுக்கு நல்ல பயிற்சியாம். கால் தாங்கட்டும், அந்த விசை காலோடு முடிந்துவிடுகிறதா? மாஸ்டர் சிலிண்டரைத் தாண்டி, ரிலீஸ் பேரிங்கைத் தள்ளி, டயாஃப்ரம் விரல்களை அமுக்கி, ஃப்ளைவீல் வழியாகக் கிராங்க்ஷாஃப்டையே என்ஜினுக்குள் நெட்டித் தள்ளுகிறது. அதைத் தாங்கி நிற்பது திரஸ்ட் வாஷர் என்ற மெல்லிய பிறைத் துண்டு. சிக்னலில் 90 விநாடியும் பெடலை மிதித்தபடியே நிற்கும் பழக்கம் நம்மில் பாதிப் பேருக்கு உண்டு. கிளட்ச் தட்டு தேய்ந்தால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். திரஸ்ட் வாஷர் தேய்ந்தால் என்ஜினையே பிரிக்க வேண்டும். இப்போதைய பல கார்களில் கிளட்சை விடுவிக்கும் சிலிண்டரும் பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. கனத்த பிரஷர் பிளேட்டோடு மல்லுக்கட்டி அதன் சீல் கசிந்தால், ஒரு சின்ன ரப்பர் வளையத்துக்காக மறுபடியும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

பெடல் கனக்காமலே பிடியைக் கூட்டும் பிரஷர் பிளேட்டுகளும் கடையில் உண்டு என்பதை அவர் அறிந்ததாகத் தெரியவில்லை. டயாஃப்ரம் சாய்ந்து நிற்கும் வளையத்தின் இடத்தைக் கொஞ்சம் நகர்த்தி நெம்புகோல் விகிதத்தை மாற்றுவார்கள். அதற்கும் விலை உண்டு. பெடலை முழுக்க மிதித்தாலும் தட்டு முன்பைவிடக் குறைவாகத்தான் விலகும். ஹைட்ராலிக்கில் கொஞ்சம் காற்று இருந்தாலும் ரிவர்ஸ் கியர் கரகரக்கும். இந்த இரண்டு விலைகளில் ஒன்றைத் தெரிந்தே தேர்ந்தெடுப்பது தெளிவு. எல்லாவற்றையும் வீரத்தின் கணக்கில் எழுதுவது வேறு ரகம்.

பெடல் கனம் பற்றிய அவருடைய பத்தியிலேயே ஒரு வாக்கியம் தவறி விழுந்திருக்கிறது. ஆபீஸுக்கு அவர் மனைவியின் ஆட்டோமேட்டிக் காரில் போகிறாராம். கிளட்சோடு வாழ்வது எப்படி என்று ஊருக்கு எழுதியவர், வார நாட்களில் அதோடு வாழ்வதில்லை.

அவர் கழற்றிப் போட்ட டூயல் மாஸ் ஃப்ளைவீல் என்பதே ஸ்பேர் பார்ட்ஸ் விற்கக் கம்பெனிகள் செய்த சதி என்கிறார். 1985-ல் லூக் அதைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. சதி என்றால் நாற்பது வருடமாக நடக்கும் சதி. நான்கு சிலிண்டர் என்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. 800 ஆர்பிஎம் ஐடிலில் விநாடிக்கு ஏறக்குறைய 27 உதை. மூன்று சிலிண்டர் என்றால் 20; எண்ணிக்கை குறைந்தாலும் உதைகளின் நடுவே இடைவெளி அதிகம், அதனால் அதிர்வு மோசம். டீசலில் ஒவ்வொரு உதையும் கூர்மையானது. டூயல் மாஸ் ஃப்ளைவீல் இரண்டு துண்டாகப் பிரிந்து, நடுவே நீண்ட வளைந்த ஸ்பிரிங்குகளை வைத்து, அந்த உதை கியர்பாக்ஸ் வரை போகாமல் பார்த்துக்கொள்கிறது. அதை எடுத்துவிட்டு ஒற்றை ஃப்ளைவீல் போடுபவர்கள் உண்டு. நியாயமான காரணமும் உண்டு: டூயல் மாஸ் விலை அதிகம், ரீமேப் செய்த காரை ஐந்தாம் கியரில் 1,200 ஆர்பிஎம்மில் வைத்து உறுமவிட்டால் அது சீக்கிரம் போய்விடும். அப்படி மாற்றுபவர்கள் தட்டின் நடுவிலாவது நல்ல ஸ்பிரிங்குகள் இருப்பதாகப் பார்த்து வாங்குவார்கள். நம்மவர் ஃப்ளைவீலின் ஸ்பிரிங்கையும் எடுத்தார், தட்டின் ஸ்பிரிங்கையும் எடுத்தார். இப்போது பிஸ்டனுக்கும் கியர் பல்லுக்கும் நடுவே வளைந்துகொடுக்க எதுவுமே இல்லை. நியூட்ரலில் நிற்கும்போது கடகடவென்று சத்தம், பெடலை மிதித்தால் நிற்கிறது என்று அவரே குறிப்பிடுகிறார். ரேஸ் கார் சத்தம் என்று அதற்கும் ஒரு பட்டம். அது அவருடைய கியர்பாக்ஸ் பற்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் சத்தம்.

புதுக் கிளட்சைப் பழக்கும் காலம் பற்றியும் ஒரு வார்த்தை. பொதுவாக 500 முதல் 1,000 கி.மீ. வரை நகருக்குள் மென்மையாக ஓட்டச் சொல்வார்கள். இவர் வார இறுதியில் சென்னையிலிருந்து திருச்சி போய்த் திரும்பி, 650 கி.மீ. ஆகிவிட்டது, பழகிவிட்டது என்று அறிவித்தார். லைனிங்கும் ஃப்ளைவீலும் ஒன்றோடொன்று படிவது பெடலை விடும்போதுதான். நான்கு வழிச்சாலையில் ஐந்தாம் கியரில் போகும்போது தட்டு சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃபாஸ்டேக் வந்த பிறகு டோல்கேட்டில்கூட அதற்கு வேலை குறைந்துவிட்டது.

பொருத்தும் வேலையைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. பிரஷர் பிளேட்டின் ஆறு போல்ட்டையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஃப்ளைவீல் முகத்தில் எண்ணெய் விரல் படக்கூடாது. ஸ்பிளைனில் கிரீஸ் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அள்ளிப் பூசினால் அது பறந்து லைனிங்கில்தான் உட்காரும். தானாகத் தேய்மானத்தைச் சரிசெய்துகொள்ளும் ரகப் பிரஷர் பிளேட்டை அதற்குரிய கருவி இல்லாமல் இழுத்து முறுக்கினால், முதல் நாளே அதன் சரிசெய்யும் வளையம் நகர்ந்துவிடும். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிராங்க்கின் பின்பக்க எண்ணெய் சீலையும் ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிடுவது நல்லது. சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டால் கிடைக்கும் கம்பெனி அளவு பேரிங்தானா, இல்லை அந்த வெளிநாட்டு செட்டுக்கு மட்டும் பொருந்தும் தனி ரகமா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தனி ரகம் என்றால் பேரிங் ஊளையிட ஆரம்பித்த நாளிலிருந்து பார்சல் வரும் நாள் வரை கார் ஷெட்டில்தான்.

சரி, 320 நியூட்டன் மீட்டர் வேண்டும் என்பவர் என்னதான் செய்வது? தேய்ந்த தட்டென்றால் முதலில் புதிய தட்டு. அதுவும் வழுக்கினால் ஆர்கானிக் லைனிங், ஸ்பிரிங் வைத்த நடுப்பகுதி, 400 அளவில் தாங்கும் பிரஷர் பிளேட். பந்தயத் தடத்துக்கும் நகருக்கும் ஒரே காரில் போகிறவர்கள் கெவ்லார் கலந்த லைனிங்கைப் பார்க்கலாம். பழக நாளாகும், சூடேறி ஒருமுறை பளபளத்துவிட்டால் பழைய பிடிக்குத் திரும்ப அடம்பிடிக்கும், ஆனால் நெடுநாள் உழைக்கும். செராமிக் பட்டன் வாரக் கடைசியில் டிரெய்லரில் ஏற்றித் தடத்துக்குக் கொண்டுபோகும் காருக்கு.

இவையெல்லாவற்றுக்கும் முன்னால் செய்யக்கூடிய ஒரு வேலை இருந்தது. பல ரீமேப்புகளில் 1,800 ஆர்பிஎம்மை ஒட்டி டார்க் ஒரு மேடாக எழும்புகிறது. முதுகில் தள்ளும் அந்த உணர்வுக்காகவே அப்படி வைக்கிறார்கள். வாடிக்கையாளர் முதல் மிதியிலேயே வாயைப் பிளக்க வேண்டுமே. கிளட்ச் வழுக்குவது அந்த மேட்டில்தான். காரை நெடுஞ்சாலையில் வேகமாக்கும் குதிரைத்திறன் அங்கே இல்லை, மேலே இருக்கிறது: 4,000 ஆர்பிஎம்மில் 240 நியூட்டன் மீட்டர் இருந்தாலே 100 கிலோவாட், அதாவது 136 குதிரைத்திறன். கீழே இருக்கும் மேட்டை நான்காம், ஐந்தாம் கியர்களுக்கு மட்டும் 280-க்குத் தணித்து, மேலே இருப்பதைத் தொடாமல் விடச் சொல்லியிருக்கலாம். லேப்டாப்பில் முடிகிற காரியம், ஸ்பேனர் தேவையில்லை. ரீமேப் செய்து கொடுத்தவரிடம் இதைக் கேட்டாரா என்று கட்டுரையில் தேடிப் பார்த்தேன். பார்சல் எத்தனை நாளில் வந்தது, சுங்கவரி எவ்வளவு, பெட்டியில் என்ன நிறத்தில் ஸ்டிக்கர் இருந்தது என்பதெல்லாம் விவரமாக இருக்கிறது.